வெடித்தும் உள்ளே கொட்டாத வயிற்று அனியூரிசம்: கண்டுபிடிப்பதும் அறுவை செய்வதும்

பி.பி. 130/80, நாடித்துடிப்பு 84, ஹீமோகுளோபின் 12. எழுபது வயதுக்காரர் ஒருவர் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நெளிகிறார், சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று வலிக்கு ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவருடைய வயிற்றுப் பெருந்தமனி காலையிலேயே கிழிந்துவிட்டது. மேலே சொன்ன எண்களில் ஒன்றுகூட அதைக் காட்டிக்கொடுக்காது.

அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும் அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகக் கத்தியை எடுக்கப் போவதில்லை, எடுக்கவும் கூடாது. அடுத்த முறை மூத்த சர்ஜனுக்கு எதிரே நிற்கும்போது, அவர் ஏன் கிளாம்பை (ரத்தக்குழாயை இறுக்கி மூடும் இடுக்கி) அங்கே போடுகிறார், ஏன் அந்த நீல வீக்கத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறார் என்று புரிந்தால் சரி.

முதலில், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் வயிற்றுப் பெருந்தமனி வீங்கி 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அனியூரிசம் என்கிறோம், ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டரைத் தொட்டால் திட்டமிட்ட அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அது முன்பக்கமாகக் கிழிந்தால் ரத்தம் நேரே வயிற்றறைக்குள் கொட்டும், பெரும்பாலோர் மருத்துவமனை வாசலுக்கே வந்து சேர்வதில்லை. பின்பக்கமாக, பெரும்பாலும் இடது பக்கமாகக் கிழிந்தால் கதை வேறு. அங்கே முதுகெலும்பு இருக்கிறது, அதை ஒட்டித் தொடைவரை இறங்கும் சோயாஸ் தசை இருக்கிறது, கொழுப்பும் இறுக்கமான திசுவும் இருக்கின்றன. கசிந்த ரத்தம் அங்கேயே உறைந்து, அந்த உறைகட்டியே ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பி.பி. கொஞ்சம் இறங்கியிருப்பதும், வலியில் வயிற்றுத் தசைகள் இறுகியிருப்பதும் அதற்குத் துணை. இதைத்தான் கன்டெய்ன்டு ரப்ச்சர், அடங்கிய கிழிசல் என்கிறோம்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த அடைப்பை உடம்பு தானாகப் போட்டுக்கொண்டது. அதை அவிழ்த்துவிடுவது பெரும்பாலும் நாம்தான். அவசரத்தில் ஏற்றும் சலைனால், நேரம் தெரியாமல் கொடுக்கும் மயக்க மருந்தால், சீழ் என்று நினைத்துக் குத்தும் ஊசியால், முதல் அறுப்பு முடிந்ததும் நேரே ரத்தக்கட்டிக்குள் விடும் கையால். ஒவ்வொரு படியிலும், இது அந்த அடைப்பைத் தளர்த்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வர வேண்டிய இடங்கள்

வயிற்று வலி அல்லது முதுகு வலி, பி.பி. குறைவு, துடிக்கும் வயிற்றுக் கட்டி என்று மூன்றையும் சேர்த்துப் பாடத்தில் படித்திருப்போம். மூன்றும் ஒன்றாக இருப்பவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. அடங்கிய கிழிசலில் பி.பி. குறைவு என்ற இரண்டாவது அடையாளமே பல நேரம் இருக்காது, குண்டான வயிற்றில் கட்டி கைக்குத் தட்டுப்படாது, ஆக மிஞ்சுவது வலி மட்டும்தான். அந்த வலிக்கு நாம் சிறுநீரகக் கல், முதுகுப் பிடிப்பு, குடல் அழற்சி, மாரடைப்பு என்று ஏதாவது ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். அதிகம் ஏமாற்றுவது சிறுநீரகக் கல்தான். அறுபது வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல்முறையாகக் கல் வலி என்று ஒருவர் வந்தால், பெருந்தமனியைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சிறுநீரில் சிவப்பணு இருக்கிறதே என்பது சமாதானம் ஆகாது, அனியூரிசத்திலும் அது இருக்கலாம்.

பித்தப்பை வலி போலவும் வரும். ஐன்ஸ்டைனுக்கு 1948இல் வயிற்றைத் திறந்து ருடால்ஃப் நிசன் என்ற சர்ஜன் அனியூரிசத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றிவைத்தார், அன்றைக்கு அதற்குமேல் செய்ய வழி இல்லை. 1955 ஏப்ரலில் திரும்ப வந்த வலி பித்தப்பை வலியைப் போலத்தான் இருந்தது. அதற்குள் அனியூரிசத்தை வெட்டி மாற்றும் அறுவை வந்துவிட்டிருந்தது (1951இல் பாரிஸில் சார்ல் துபோ செய்து காட்டியது), ஆனால் ஐன்ஸ்டைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரேதப் பரிசோதனையில் கிழிசல் தெரிந்தது.

நோயாளியிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வலி தொடங்கியபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததா, ஒரு நிமிஷமாவது மயங்கி விழுந்தீர்களா? கிழிந்த நேரத்தில் பி.பி. சரிந்து, அடைப்பு விழுந்ததும் மறுபடி ஏறியிருக்கும். இங்கே வரும்போது எண்கள் அழகாக இருக்கும், அந்த ஒரு நிமிஷ மயக்கம்தான் தடயம். இன்னொன்று, தொடை முன்பக்கம் மரத்துப்போவது, படியேறும்போது முழங்கால் மடிந்து போவது. சோயாஸுக்குள் இறங்கிய ரத்தம் தொடைக்குப் போகும் ஃபெமரல் நரம்பை நசுக்கினால் இப்படி ஆகும். இவர்கள் எலும்பு மருத்துவரிடமும் நரம்பு மருத்துவரிடமும் வாரக்கணக்கில் அலைந்துவிட்டு வருவார்கள்.

படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அனியூரிசம் இருக்கிறதா இல்லையா என்பதை அது ஏறக்குறைய தவறாமல் சொல்லும். கசிகிறதா என்று சொல்லாது. "அல்ட்ராசவுண்டில் ரத்தம் தெரியவில்லை" என்ற வரியைக் கேஸ் ஷீட்டில் எழுதி நிம்மதி அடைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பின்புறத்து ரத்தத்தை அந்தக் கருவியில் நம்பிப் பார்க்க முடியாது.

சி.டி.யில் என்ன தேடுவது

நினைவோடு பேசிக்கொண்டிருக்கும் நோயாளிக்குச் சி.டி. எடுக்க நேரம் இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரத்தக்குழாயைக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் ஒருமுறை, பிறகு அதைச் செலுத்தி, அது தமனிகளில் ஓடும் கட்டத்தில் ஒருமுறை, மார்பிலிருந்து தொடை மேல்பகுதி வரை. கூடவே ஆள் போங்கள், மானிட்டரோடும் ரத்தப் பைகளோடும்.

பெரிய ரத்தக்கட்டி சோயாஸை மறைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியும். கொஞ்சமாகக் கசிந்து நிற்பதைத்தான் தவற விடுவோம். மருந்து செலுத்தாத படத்தில், சுவரை ஒட்டிய பழைய உறைகட்டிக்குள் வெள்ளையாக ஒரு பிறை தெரிகிறதா பாருங்கள். புது ரத்தம் உறைகட்டிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது, கிழியப் போகிறது அல்லது கிழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சுவரைச் சுற்றி வளையமாக ஓடும் கால்சியக் கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கிறதா? பழைய படம் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அன்றைக்கு முழுசாக இருந்த கோடு இன்றைக்கு விட்டுப்போயிருந்தால் அதுதான் இடம். அப்புறம் பின்சுவர். அது தனியாகத் தெரிய வேண்டும். ஈரத்துணியைக் கல்லின் மேல் போட்டதுபோல் முள்ளெலும்பின் வளைவோடு வளைவாகப் படிந்து கிடந்தால், அங்கே சுவர் என்று ஒன்று மிச்சமில்லை, எலும்பே சுவராக நிற்கிறது.

முள்ளெலும்பின் முன்பக்கம் வழவழப்பாக அரித்துப்போயிருந்தால் இது பல வாரங்களாக, சில சமயம் மாதங்களாக அடங்கியே கிடக்கும் கிழிசல். 1986இல் ஜோன்ஸும் சகாக்களும் இந்த நாள்பட்ட வகைக்கு அடையாளங்கள் வகுத்தார்கள்: ஏற்கெனவே தெரிந்த அனியூரிசம், முன்பு வந்து அடங்கிய வலி, நிலையான பி.பி.யும் ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), சி.டி.யில் பின்புற ரத்தக்கட்டி, நுண்ணோக்கியில் பழைய உறைகட்டி. படத்தில் இது சோயாஸ் சீழ்க்கட்டி போலவோ, முதுகெலும்புப் புற்றுநோய் போலவோ, டிஸ்க் தொற்று போலவோ வேஷம் போடும். அனியூரிசம் பக்கத்தில் இருக்கும் எந்தக் கட்டியிலும், மருந்து செலுத்திய சி.டி. பார்க்காமல் ஊசி போட விடாதீர்கள். அடைப்பை அவிழ்ப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

காய்ச்சல், ஏறிய வெள்ளணு, ஒரு பக்கம் மட்டும் பை போலப் புடைத்த வடிவம், சுற்றிலும் காற்றுக் குமிழ் என்று எதுவாவது இருந்தால் தொற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். சால்மோனெல்லாவும் ஸ்டாஃபிலோகாக்கஸும் வழக்கமான குற்றவாளிகள். ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்குங்கள்.

புதுக் கிழிசலுக்கு நிமிடக் கணக்கு: வந்து சேர்ந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க ரத்தநாள அறுவையாளர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். நாள்பட்ட வகைக்கு ஒன்றிரண்டு நாள் திட்டமிட அவகாசம் கிடைக்கலாம், அதுவும் தீவிரக் கண்காணிப்பில் வைத்துக்கொண்டு. வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லும் நோய் இது இல்லை.

தியேட்டருக்குப் போகும்வரை

நினைவு தெளிவாக இருக்கிறது, பேசுகிறார் என்றால் மேல் பி.பி. 80, 90 இருந்தாலும் விட்டுவிடுங்கள். சலைனை ஓடவிட்டு 120க்கு ஏற்றினால் உறைகட்டி பெயரும், உறைதல் காரணிகள் நீர்த்துப்போகும், உடம்பு குளிரும். மறுபக்கம், 70க்குக் கீழே போக விடக் கூடாது. அங்கே ரத்தத்தையும் பிளாஸ்மாவையும் கொடுங்கள், சலைனை அல்ல. பி.பி. உயர்ந்து நிற்பவருக்கு முதல் மருந்து வலி நிவாரணி. வலி அடங்கியும் இறங்காவிட்டால், உடனே நிறுத்தக்கூடிய எஸ்மலால் போன்ற மருந்தைத் துளித்துளியாக.

கை சிரைகளில் இரண்டு பெரிய கேனுலா, ரத்தம் ஏற்ற கிராஸ்மேட்ச் (பொருத்தப் பரிசோதனை), முடிந்தால் பி.பி.யைத் தொடர்ந்து பார்க்க ஆர்ட்டீரியல் லைன். கழுத்துச் சிரையில் லைன் போட அரைமணி நேரம் போராடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டென்டா, கத்தியா

1990இல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி தொடையிலிருந்து ஸ்டென்ட் கிராஃப்டை (கம்பிவலை தாங்கும் செயற்கைக் குழாய்) தமனிக்குள் செலுத்திக் காட்டியபின் இந்தக் கேள்வி வந்தது. பிரிட்டனில் 613 நோயாளிகளை வைத்து நடந்த இம்ப்ரூவ் ஆய்வில் 30 நாள் இறப்பு ஸ்டென்ட் வழியில் 35.4 சதவீதம், திறந்த அறுவையில் 37.4 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுக் கணக்கில் ஸ்டென்ட் வழி முந்தியது, அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து முடித்தவர்கள் இன்னும் நன்றாகப் பிழைத்தார்கள். ஏன் என்று இந்நேரம் புரிந்திருக்கும்: மயக்க மருந்து கொடுக்காததால் வயிற்றுத் தசை இறுக்கம் அப்படியே நிற்கிறது.

சிறுநீரகத் தமனிக்குக் கீழே, அனியூரிசம் தொடங்கும்முன் வீங்காமல் இருக்கும் பெருந்தமனியின் கழுத்துப் பகுதி 10 முதல் 15 மில்லிமீட்டராவது நீளம், 32 மில்லிமீட்டருக்குள் அகலம், 60 டிகிரிக்குள் வளைவு, பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகும் இலியாக் தமனியில் கருவி நுழைய இடம். இவை இருந்து, பழகிய குழுவும் இருந்தால் நான் ஸ்டென்டுக்குத்தான் கை தூக்குவேன். கிராஃப்டின் அளவைக் கழுத்தைவிட 20 முதல் 30 சதவீதம் பெரிதாக எடுங்கள், பி.பி. குறைந்த உடம்பில் தமனி சுருங்கியிருக்கும், படத்தில் அளந்தது ஏமாற்றும். பி.பி. சரியும்போல் இருந்தால் அடைக்கும் பலூனைத் தொடை வழியாகச் சீலியாக் தமனிக்கு (இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் போகும் கிளை) மேலே ஏற்றி வைக்கலாம். பலூன் நழுவாமல் இருக்க நீள ஷீத்தை (கருவி நுழையும் உறைக்குழாய்) அதன் அடியில் முட்டுக்கொடுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மேல் முனையிலோ, கீழ் முனையிலோ, பாகங்கள் இணையும் இடத்திலோ கசிவு தெரிந்தால் மேசையை விட்டு இறக்காதீர்கள். கிளைத் தமனிகளிலிருந்து பைக்குள் திரும்பி வரும் கசிவைப் பொதுவாகப் பொறுத்துப் பார்க்கலாம்.

கழுத்து பொருந்தவில்லை, தொற்று சந்தேகம், ஸ்டென்ட் குழு இல்லை என்றால் திறக்க வேண்டியதுதான்.

திறந்த அறுவை

நோயாளி விழித்திருக்கும்போதே முலைக்காம்பிலிருந்து முழங்கால் வரை கிருமிநாசினி தடவி, துணி விரித்து, சர்ஜன் கையில் கத்தியோடு நிற்க வேண்டும். இரண்டு சக்ஷன், கிளாம்புகள், சிந்திய ரத்தத்தைச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றும் செல் சேவர், அறைக்குள் ரத்தம். எல்லாம் வந்த பிறகுதான் மயக்க மருந்து. மருந்து ஏறியதும் வயிறு தளர்கிறது, அதுவரை ரத்தநாளங்களை இறுக்கிப் பிடித்திருந்த அட்ரினலினும் இறங்குகிறது, பி.பி. சரிவது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

மார்பெலும்பு நுனியிலிருந்து அந்தரங்க எலும்பு வரை நடுக்கோட்டில் ஒரே வெட்டு. திறந்ததும் குடல் மடிப்புக்குப் பின்னால் கருநீலமாக ஒரு வீக்கம் தெரியும். அதைத் தொடாதீர்கள். உங்கள் வேலை அதற்கு மேலே. ரத்தக்கட்டி சிறுநீரக மட்டத்துக்குக் கீழேயே நிற்கிறது, பி.பி.யும் நிலையாக இருக்கிறது என்றால் நேரே கழுத்துக்குப் போகலாம். கழுத்தையே மூடிக்கொண்டு நிற்கிறது, அல்லது பி.பி. ஆட்டம் காண்கிறது என்றால் முதலில் சீலியாக் தமனிக்கு மேலே கிளாம்ப்.

அதற்கு, கல்லீரல் இடது மடலைப் பிடித்திருக்கும் முக்கோணத் தசைநாரை அறுத்து மடலை வலப்பக்கம் மடியுங்கள். இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள மெல்லிய மடிப்பைத் திறங்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயைத் தடவினால் உணவுக்குழாய் எங்கே என்று தெரியும், அதை இடப்பக்கம் ஒதுக்குங்கள். உதரவிதானத்தின் வலது கால் எனப்படும் தசைப்பட்டையை நெடுக்காகப் பிளந்தால் விரலடியில் பெருந்தமனி. இருபக்கமும் விரலால் வழி செய்து, முள்ளெலும்பைத் தொடும்வரை கிளாம்பை நேர்க்குத்தாக இறக்கி மூடுங்கள். பின்னால் சுற்றி எடுக்க முயல வேண்டாம். மூடியதும் மயக்க மருந்து நிபுணரிடம் நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். குடலும் கல்லீரலும் சிறுநீரகமும் அந்த நிமிடத்திலிருந்து பட்டினி, 30 நிமிடத்துக்குள் கீழே மாற்றிவிடப் பாருங்கள்.

இனி குறுக்குப் பெருங்குடலை மேலே தூக்கி, சிறுகுடலை வலப்பக்கம் தள்ளி, முன்சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிரித்து ஒதுக்குங்கள். சிறுகுடல் பகுதியைப் பிரிக்கும்போது அவசரம் ஆகாது, அதில் ஒரு ஓட்டை விழுந்தால் கிராஃப்ட் முழுக்கத் தொற்று. இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே ஓடும், அதுதான் எல்லைக்கல். சிலருக்கு அது பின்னால் ஓடும் என்பதால் சி.டி.யிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். நல்ல செய்தி ஒன்றும் உண்டு: புது ரத்தக்கட்டி திசுக்களைப் பாதி பிரித்தே வைத்திருக்கும், அதற்குள் விரலை விட்டால் கழுத்து தானாகக் கைக்கு வரும். மேலே கிளாம்ப் இருப்பதால் இப்போது விரல் விடலாம். கழுத்தில் இரண்டாவது கிளாம்பைப் போட்டு, மேல் கிளாம்பை மெதுவாகத் தளர்த்தி, கீழது தாங்குகிறதா பாருங்கள்.

இலியாக் தமனிகளில் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து கிளாம்ப் போடுங்கள். பின்னால் சிரை ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கிழித்தவருக்குத்தான் தெரியும் தமனி ரத்தக்கசிவு எவ்வளவு எளிது என்று. பிரியும் இடத்தில் சிறுநீர்க்குழாய் தாண்டிப்போவதையும் மறக்காதீர்கள். சுவர் முழுக்கக் கால்சியமாக இருந்தால் உள்ளிருந்து பலூன் வைத்து அடைக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின்? ரத்தம் வழிந்துகொண்டிருந்தால் வேண்டாம். நிலையாக, அடங்கிய நிலையில் இருந்தால், கிளாம்புகள் போட்டபின் குறைந்த அளவில் கொடுப்பவர்கள் உண்டு.

பையை நெடுக்காகத் திறந்து உறைகட்டியைக் கையால் அள்ளி எடுங்கள். பின்சுவரில் முதுகுத் தமனிகள் சிறு ஊற்றுகளாகப் பீச்சும், உள்ளிருந்தே எட்டு வடிவத் தையலால் ஒவ்வொன்றாக அடையுங்கள். கிழிசல் ஓட்டை கண்ணுக்குத் தெரியும், அதைத் தைக்க வேண்டாம். நாள்பட்ட வகையில் இங்கே ஓட்டை இல்லை, சுவரே இல்லை. உறைகட்டியை எடுத்ததும் முள்ளெலும்பு வெறுமையாகத் தெரியும். முதல்முறை பார்ப்பவர் திகைத்துப்போவார். சுவர்த்துண்டையும் உறைகட்டியையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள், தொற்று என்று தோன்றாவிட்டாலும்.

பாலியெஸ்டர் குழாய் கிராஃப்ட், மேல் முனையில் 3-0 பாலிப்ரொப்பிலீன் தையல், பின்சுவரிலிருந்து தொடங்கி ஆழமாக. சுவர் நைந்திருந்தால் ஃபெல்ட் துண்டு வைத்துத் தையுங்கள். பின்சுவர் போன நாள்பட்ட வகையில் கழுத்தை முழுக்க அறுத்து முனைக்கு முனை தைப்பது நல்லது, பிடிமானம் இல்லாத இடத்தில் தையல் நிற்காது. கிளாம்பைக் கிராஃப்டுக்கு மாற்றிக் கசிகிறதா என்று பார்த்த பிறகு கீழ்முனை. இலியாக் கொஞ்சம் பெருத்திருந்தாலும், அதிர்ச்சியில் இருக்கும் நோயாளிக்கு இரண்டு கால் கிராஃப்ட் போட்டு அழகு பார்க்க நேரம் இல்லை. நேர்க்குழாய் போட்டு முடியுங்கள்.

திறக்கும்முன் இலியாக்கிலிருந்து பின்ரத்தத்தையும் மேலிருந்து முன்ரத்தத்தையும் பீச்சவிட்டுத் துகள்களைக் கழுவுங்கள். மயக்க மருந்து நிபுணர் தயார் என்று சொன்ன பிறகு ஒரு காலுக்குப் போகும் கிளாம்பை மட்டும் மெதுவாகத் திறங்கள். பி.பி. விழுந்தால் கிராஃப்டை விரலால் அழுத்திப் பிடித்துக் காத்திருங்கள், பிறகு அடுத்த கால். கீழ் குடல் தமனியில் பின்ரத்தம் நன்றாக வந்தால் உள்ளிருந்து கட்டிவிடலாம். மந்தமாக ஒழுகி, சிக்மாய்டு குடலும் (பெருங்குடலின் கடைசி வளைவு) கறுத்துத் தெரிந்தால் கிராஃப்டில் இணைக்க வேண்டும்.

பழைய பையைக் கிராஃப்டின் மேல் மூடித் தையுங்கள், சிறுகுடல் கிராஃப்டை நேரே தொடவே கூடாது. தொற்று தெளிவாக இருந்தால் வழி மாறும்: நைந்த திசுவை வெட்டி எடுத்து, ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஊறவைத்த கிராஃப்டையோ நோயாளியின் சொந்தச் சிரையையோ வைக்கலாம், அல்லது பெருந்தமனியைக் கட்டிவிட்டு அக்குளிலிருந்து தொடைகளுக்குப் புறவழி போடலாம். வயிறு மூட மறுத்தால் மல்லுக்கட்டாதீர்கள். வெற்றிடப் பஞ்சு வைத்துத் திறந்தே விட்டு இரண்டொரு நாளில் வாருங்கள்.

முதல் மூன்று நாள்

சிறுநீர்ப்பை வழியாக வயிற்றழுத்தத்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள், ஸ்டென்ட் போட்டவருக்கும்தான். பின்புற ரத்தக்கட்டி அப்படியே உள்ளே இருக்கிறது. அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி நின்று, சிறுநீரும் குறைந்து, வென்டிலேட்டரும் தள்ளத் திணறினால் வயிற்றைத் திறக்க வேண்டும். மலத்தில் ரத்தம், சீக்கிரமே வரும் வயிற்றுப்போக்கு, காரணம் புரியாமல் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் அமிலம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே சிக்மாய்டோஸ்கோபி (குழாய் விட்டுக் கீழ்ப்பெருங்குடலைப் பார்ப்பது). பாதங்களை மணிக்கொருமுறை தொட்டுப் பாருங்கள், டாப்ளர் இருந்தாலும் கையும் தொடட்டும்.

கல்ச்சர் முடிவு வரும்போது நோயாளி வார்டுக்குப் போயிருப்பார், முடிவு வேறெங்கோ கோப்பில் கிடக்கும். அதைத் தேடி எடுப்பது உங்கள் வேலை, கிருமி வளர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் நீளும். ஸ்டென்ட் என்றால் ஒரு மாதத்தில் சி.டி. டிஸ்சார்ஜ் எழுதும்முன் இரண்டு முழங்கால் பின்புறமும் தொட்டுப் பாருங்கள், அங்கேயும் அனியூரிசம் ஒளிந்திருக்கலாம். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருந்தால் அவர்களுக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் எழுதிக்கொடுங்கள், பார்க்க வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும்போதே.